பிறவியிலேயே சி.எம்.வி. தொற்று: குழந்தையின் மூளை வளர்ச்சி எந்த அளவுக்குப் பாதிக்கப்படும்?

கேள்வி: தாய்மாமன், திருச்சி

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு 12 நாட்களுக்கு முன்பு இரண்டாவது குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. 38 வாரம் நிறைந்து சுகப்பிரசவமாகவே பிறந்தாலும் எடை 2.1 கிலோ மட்டுமே இருந்தது. தலைச் சுற்றளவு 30.5 செ.மீ. உடலெங்கும் சிறு சிவப்புப் புள்ளிகள் காணப்பட்டதால் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். தட்டணுக்கள் 62,000 என்று வந்தது. கல்லீரல் சற்று வீங்கியிருப்பதாகவும், உச்சிக்குழி வழியாகச் செய்த ஸ்கேனில் மூளையறைகளின் ஓரமாகச் சுண்ணாம்புப் படிவுகள் தெரிவதாகவும் குழந்தை மருத்துவர் சொன்னார். செவித்திறனுக்கான முதற்கட்டச் சோதனையில் இரண்டு காதுகளுமே தேறவில்லை.

‘டார்ச்’ என்று ஓர் இரத்தப் பரிசோதனை செய்ததில், சி.எம்.வி. எனப்படும் சைட்டோமெகலோ வைரஸுக்கு எதிரான ஐஜிஜி என்னும் எதிர்ப்புரதம் தாய், சேய் இருவருக்குமே அதிகமாக இருக்கிறதாம். இது கருவிலேயே வந்த தொற்றாக இருக்கலாம் என்றும், மூளை வளர்ச்சி பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு என்றும் மருத்துவர் கூறினார். அவர் பொறுமையாகத்தான் பேசினார். நாங்கள்தான் அதிர்ச்சியில் எதையும் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

தங்கைக்குக் கர்ப்ப காலத்தில் காய்ச்சல்கூட வரவில்லை. அப்படியிருக்க இந்த வைரஸ் எப்படி வந்தது? அது மூளைக்குள் என்ன செய்கிறது? ஏற்பட்ட பாதிப்பு இனி மேலும் வளருமா, அல்லது பிறப்போடு நின்றுவிட்டதா? மருந்து கொடுத்தால் பயன் உண்டா? வீட்டுப் பெரியவர்கள் கிரகணத்தன்று அவள் வாசலுக்கு வந்ததைச் சொல்லிச் சொல்லி அவளைக் குற்றவாளியாக்குகிறார்கள். பச்சை உடம்புக்காரி, இரவெல்லாம் அழுகிறாள். விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

மறுமொழி: பச்சிளம் குழந்தை மருத்துவர், மதுரை

ஐயா, மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு மட்டும் கெடு இருக்கிறது. குழந்தையின் சிறுநீரில் சி.எம்.வி. வைரஸின் மரபுப்பொருள் உள்ளதா என்று பி.சி.ஆர். முறையில் பார்க்க வேண்டும். அதற்கான மாதிரி, குழந்தை பிறந்து 21 நாட்களுக்குள் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அந்தக் காலத்துக்குப் பிறகு சிறுநீரில் வைரஸ் தெரிந்தால், அது கருவிலேயே வந்ததா, பிறப்பின்போதோ தாய்ப்பால் வழியாகவோ பின்னர் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போகும். பிறந்த பின் தாய்ப்பாலில் வரும் தொற்று நிறைமாதக் குழந்தையின் மூளையைப் பாதிப்பதில்லை என்பதால் இந்தப் பாகுபாடு மிக முக்கியமானது. உங்களுக்கு இன்னும் 9 நாட்கள் இருக்கின்றன, நாளையே கேளுங்கள். உமிழ்நீரிலும் இதைச் செய்யலாம், ஆனால் தாய்ப்பாலில் உள்ள வைரஸ் வாயில் ஒட்டிக்கொண்டு தவறான முடிவைத் தரக்கூடும் என்பதால், உமிழ்நீரில் ‘உண்டு’ என்று வந்தாலும் சிறுநீரில் உறுதிசெய்தே ஆக வேண்டும்.

‘டார்ச்’ பரிசோதனையில் வந்த ஐஜிஜி எதையும் நிரூபிக்கவில்லை. ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்வது. நம் நாட்டில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிறுவயதிலேயே இந்த வைரஸைச் சந்தித்தவர்கள்; ஆகவே எந்தத் தாயையும் சேயையும் சோதித்தாலும் பெரும்பாலும் இதே முடிவுதான் வரும். தொற்று இருக்கக்கூடும் என்ற ஐயத்துக்கு வலுவான காரணங்கள் உங்கள் மருமகளின் தலைச் சுற்றளவு, தட்டணுக் குறைவு, கல்லீரல் வீக்கம், மூளையறைகளை ஒட்டிய சுண்ணாம்புப் படிவு, செவிச்சோதனை ஆகிய ஐந்தும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வந்திருப்பதுதான். அந்தச் சேர்க்கையைப் பார்த்தால், உங்கள் மருத்துவர் சரியான திசையில்தான் போகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி மூளைக்கு வருகிறேன். மூளையின் உட்பகுதியில் திரவம் நிறைந்த அறைகள் உள்ளன. கருவின் நரம்புச் செல்கள் பிறப்பது அந்த அறைகளின் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான். அங்கே மூலச்செல்கள் பிரிந்து பெருகி, புதிதாகத் தோன்றிய செல்கள் தாங்கு செல்களின் நீண்ட இழைகளைப் பற்றிக்கொண்டு வெளிப்புறமாக நகர்ந்து, மூளையின் மேற்புறணியில் தத்தமக்குரிய அடுக்கில் போய் அமர்கின்றன. சி.எம்.வி. குறிவைப்பது இந்தப் பிறப்பிடத்தை. நாற்றங்காலிலேயே நோய் விழுந்தால் நடவு வயல் எவ்வளவு நன்றாக உழப்பட்டிருந்தாலும் பயிர் குறைந்துபோவதைப் போல, மூலச்செல்கள் அழிவதாலும் அவற்றின் பெருக்கம் தடைப்படுவதாலும் புறணிக்கு வந்துசேர வேண்டிய நரம்புச் செல்களின் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. தலை சிறுத்துப் பிறப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான். செல்கள் மடிந்த இடங்களில் பின்னர் சுண்ணாம்பு படிகிறது. அதனால்தான் படிவுகள் மூளையறைகளின் ஓரத்தில் வரிசைகட்டித் தெரிகின்றன. இவற்றோடு, வைரஸை எதிர்க்க மூளையின் காவல் செல்கள் உண்டாக்கும் அழற்சியும், நஞ்சுக்கொடியே நோயுற்றுக் கருவுக்குப் போகும் உயிர்வளி குறைவதும் பாதிப்பைக் கூட்டுகின்றன.

தொற்று எந்த வாரத்தில் மூளையை எட்டியது என்பதைப் பொறுத்து விளைவு பெரிதும் மாறும். ஏறத்தாழ 18 வாரத்துக்கு முன்பு என்றால், புறணியில் மடிப்புகளே உருவாகாமல் வழுவழுப்பாக இருந்துவிடலாம். 18 முதல் 24 வாரத்துக்குள் என்றால், மடிப்புகள் அளவுக்கு மீறிச் சிறியனவாகவும் நெருக்கமாகவும் அமையும். கடைசி மூன்று மாதங்களில் வந்தால் புறணி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். நரம்பிழைகள் செல்லும் வெண்பொருளில் மட்டும் மாற்றங்கள் தெரியும். உச்சிக்குழி வழியாகச் செய்யும் ஸ்கேனில் புறணி மடிப்புகளைச் சரியாகக் காண இயலாது என்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பது அவசியம். விழித்திரையைக் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். செவிக்கு முதற்கட்டச் சோதனை போதாது, ‘பெரா’ எனப்படும் மூளைத்தண்டுச் செவிச்சோதனை வேண்டும்.

மருந்தைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். சிறுநீர்ப் பரிசோதனை உறுதிசெய்தால், இவ்வளவு அறிகுறிகளுள்ள குழந்தைக்கு வால்கான்சிக்ளோவிர் என்னும் மருந்தை வாய்வழியாக 6 மாதம் கொடுப்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. முதல் மாதத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்து டேவிட் கிம்பர்லின் தலைமையில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், 96 குழந்தைகளை இரு பிரிவாக்கி 6 வாரச் சிகிச்சையையும் 6 மாதச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் பெற்றவர்களுக்கு இரண்டு வயதில் செவித்திறனும் மொழி வளர்ச்சியும் ஓரளவு மேம்பட்டிருந்தன. ‘ஓரளவு’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். உருவாகாமல் போன செல்களை எந்த மருந்தும் உருவாக்காது. பிறந்த பின்னும் தொடரும் வைரஸின் பெருக்கத்தை அடக்கி, இனி நேரக்கூடிய இழப்பைக் குறைப்பதே இதன் வேலை. பக்க விளைவாக, அந்த ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு முதல் 6 வாரங்களில் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்தன. ஆகையால் தொடக்கத்தில் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும் இரத்த எண்ணிக்கை பார்த்தே தீர வேண்டும். எடை கூடக்கூட மருந்தின் அளவையும் மாற்ற வேண்டும்.

இந்தத் தொற்றோடு பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்குப் பிறக்கும்போது எந்த அறிகுறியும் இருப்பதில்லை. அறிகுறியோடு பிறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு, செவித்திறன் இழப்பு, வளர்ச்சித் தாமதம், வலிப்பு, தசை இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோ பலவோ நிலைத்துவிடுகின்றன. மற்ற பாதிப்பேர் பெரிய குறையின்றி வளர்கிறார்கள். தலை மிகச் சிறுத்திருப்பதும் புறணியில் அமைப்புக் கோளாறு இருப்பதும் கவலைக்குரிய குறிகள், எம்.ஆர்.ஐ. ஓரளவு நன்றாக இருப்பது நம்பிக்கைக்குரிய குறி. பன்னிரண்டு நாள் குழந்தையைப் பார்த்து, ‘இவள் நடப்பாள், நடக்கமாட்டாள்’ என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கு இந்தத் தொற்று பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே வந்து போகும். உங்கள் தங்கைக்குக் காய்ச்சல் வராததில் வியப்பில்லை. அவர் செய்த எதனாலும் இது வரவில்லை என்பதைப் பெரியவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். தாய்மாமன் வாய்ச்சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்கும்.

மறுமொழி: ஒரு தாய், கோவை

அண்ணா, மருத்துவர் எழுதியதற்கு மேல் நோயைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் என் மகனும் இதே தொற்றோடு பிறந்தவன்; இப்போது இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். உங்கள் தங்கை இந்த இழையைப் படிப்பார் என்று எண்ணி எழுதுகிறேன்.

அவன் பிறந்தபோது உடலில் இதேபோன்ற சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஆனால் செவிச்சோதனையில் இரண்டு காதுகளும் தேறிவிட்டன. அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு நாங்கள் பெருமகிழ்ச்சி அடைந்தோம். எங்கள் செவித்திறன் நிபுணர் மட்டும், இந்த வைரஸால் வரும் கேளாமை பிறந்தபோது இல்லாமலிருந்து பின்னர் தொடங்கலாம், தொடங்கினால் கூடிக்கொண்டே போகலாம் என்று விளக்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தை கூப்பிட்டால் திரும்புகிறான், பாட்டுக்குத் தலையாட்டுகிறான், எதற்காக இத்தனை அலைச்சல் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. இரண்டாவது வயதில் இடது காதும், அதன் பிறகு வலது காதும் படிப்படியாகக் குறைந்தபோது, முந்தைய பதிவுகள் கையில் இருந்ததால்தான் மாற்றம் உடனே பிடிபட்டது. பேச்சு முழுவதும் பின்வாங்குவதற்குள் கருவி பொருத்த முடிந்தது. பின்னர் ஒரு காதில், செவிநரம்பைத் தூண்டும் மின்கருவியை உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. தமிழ்நாட்டில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைச் சிகிச்சை உண்டு; அதற்கான தாள்களை முன்கூட்டியே ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் நடக்கத் தாமதமானபோது மூளைதான் காரணம் என்று நாங்கள் நடுங்கிப்போனோம். உட்செவியில் கேட்கும் பகுதியை ஒட்டியே சமநிலைக்கான உறுப்பும் இருக்கிறது, அதையும் இந்த வைரஸ் பாதிக்கக்கூடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். இயன்முறைப் பயிற்சி கொடுத்தோம். இப்போது ஓடுகிறான், இருட்டில் மட்டும் சற்றுத் தடுமாறுவான். கணக்கு அவனுக்குக் கடினம்தான், கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான்.

தங்கையிடம் சொல்லுங்கள்: தாளில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்காமல், குழந்தையைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராக வைத்துப் பேசச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கு அவர் முகமும் குரலும் இப்போதே தேவைப்படுகின்றன.

கேள்வியாளரின் தொடர்ச்சி

அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மறுநாளே சிறுநீர் மாதிரி கொடுத்தோம், பி.சி.ஆர். பரிசோதனையில் சி.எம்.வி. உறுதியாகிவிட்டது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில், மூளையறைகள் சற்று விரிந்திருப்பதாகவும், வெண்பொருளில் மாற்றங்களும் பொட்டுப்பகுதி மடல்களின் முன்முனையில் சிறு நீர்க்கட்டிகளும் இருப்பதாகவும், புறணியின் மடிப்புகள் இயல்பாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். கண் நன்றாக இருக்கிறது. ‘பெரா’ சோதனையில் வலது காதில் கடுமையான இழப்பும் இடது காதில் மிதமான இழப்பும் தெரிகின்றன. திங்கட்கிழமை மருந்து தொடங்குகிறார்கள்.

தங்கையின் பழைய கோப்பைத் தேடியபோது, தலைச்சன் குழந்தையைச் சுமந்த காலத்திலேயே அவளுக்குச் சி.எம்.வி. ஐஜிஜி இருந்ததாக ஓர் அறிக்கை கிடைத்தது. அப்படியென்றால் அவள் உடலில் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருந்திருக்கிறது. பிறகும் கருவுக்கு எப்படி வந்தது? எங்கள் வீட்டில் என் மனைவி இப்போது 4 மாதக் கர்ப்பிணி. குழந்தையைத் தொட அவள் தயங்குகிறாள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா என்றும் தங்கை கேட்கிறாள்.

மறுமொழி: வைரஸ் ஆய்வகப் பணியாளர், வேலூர்

உங்கள் முதல் கேள்வி, இந்தத் துறையில் பல ஆண்டுகள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்த ஒன்று. சி.எம்.வி. ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் இயல்பே ஒருமுறை உடலுக்குள் வந்தால் வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடப்பதுதான். அது மீண்டும் விழித்தெழலாம். அதுமட்டுமின்றி, சி.எம்.வி. வைரஸில் பல திரிபுகள் உலவுவதால், ஒரு திரிபுக்கு எதிர்ப்பாற்றல் உள்ளவர் மற்றொரு திரிபால் புதிதாகத் தொற்றுக்கு உள்ளாகலாம்.

தாய்க்கு முன்பே எதிர்ப்பாற்றல் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு என்று மேலை நாடுகளில் நம்பினார்கள். ஒவ்வொரு தனித் தாய்க்கும் அது ஓரளவு உண்மைதான்: கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால் மூன்றில் ஒரு கருவுக்கு வைரஸ் கடக்கிறது, முன்பே தொற்றியவர்களிடம் அது நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனால் பிரேசில் நாட்டின் ரிபெய்ராவ் ப்ரெட்டோ நகரில், தாய்மார்களில் ஏறத்தாழ அனைவருமே முன்பே தொற்றியவர்களாக இருந்த நிலையில், பச்சிளம் குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்தபோது சுமார் 1 சதவீதத்தினர் பிறவித் தொற்றோடு இருந்தார்கள். இது பல பணக்கார நாடுகளின் விகிதத்தை விட அதிகம். அந்தக் குழந்தைகளிலும் செவித்திறன் இழப்பு காணப்பட்டது. நூற்றில் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், எல்லாத் தாய்மார்களும் அந்தக் கணக்கில் வரும்போது மொத்த எண்ணிக்கை பெரிதாகிவிடுகிறது. இந்தியாவின் நிலையும் இதைப் போன்றதே. உங்கள் தங்கைக்கு நடந்ததும் இவ்வகையாகவே இருக்க வேண்டும்.

இதனால்தான் ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மையில் கிடைத்த வெற்றி இதில் கிட்டவில்லை என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. கருவிலேயே ரூபெல்லா தாக்கினால் கண்புரை வரும் என்று சிட்னி நகரின் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் கண்டறிந்தார். கருவின் மீது வைரஸ் ஏற்படுத்தும் கேட்டை உலகம் உணர்ந்தது அதன் பிறகுதான். ரூபெல்லாவும் மூளையையும் செவியையும் இதயத்தையும் சேர்த்தே தாக்கும். ஆனால் அது மாறாத இயல்புள்ள வைரஸ்; தடுப்பூசி போட்டால் ஏறத்தாழ முழுப் பாதுகாப்பு. நம் மாநிலத்தில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்ததும், அது வழக்கமான அட்டவணையில் சேர்ந்ததும் எத்தனையோ குழந்தைகளின் கண்ணையும் காதையும் காத்திருக்கின்றன. சி.எம்.வி. வைரஸுக்கு அப்படியொரு தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. இயற்கையாகப் பெற்ற எதிர்ப்பாற்றலே முழுக் காப்பாக இல்லாதபோது அதைவிட வலுவான ஒன்றை ஊசியால் உண்டாக்குவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இஸ்ரேலில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் முதன்முறையாகத் தொற்றிய பெண்களுக்கு வாலசிக்ளோவிர் என்னும் வேறொரு வைரஸ் எதிர்ப்பு மருந்தை நாளொன்றுக்கு 8 கிராம் கொடுத்தபோது, கருவுக்குக் கடந்த விகிதம் 30 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்தது. மிகவும் மதிப்புள்ள முடிவு அது. ஆனால் முதல் தொற்றைக் கண்டுபிடித்தால்தான் அது பயன்படும். பெரும்பாலோர் முன்பே தொற்றியவர்களாக இருக்கும் நம் நாட்டில் அதனால் கிடைக்கும் பயன் குறைவு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019 முதலும், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2023 முதலும் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகால் இரத்தத் துளியில் இந்த வைரஸைத் தேடுகின்றன. நம்மிடம் அத்தகைய ஏற்பாடு இல்லை. செவிச்சோதனையில் தேறாத ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று வாரத்துக்குள் சிறுநீரைச் சோதிப்பதையாவது எல்லா மருத்துவமனைகளும் வழக்கமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மருமகளுக்கு உரிய நேரத்தில் நடந்தது எல்லாக் குழந்தைகளுக்கும் நடக்க வேண்டும்.

மறுமொழி: பச்சிளம் குழந்தை மருத்துவர், மதுரை

உறுதிசெய்துவிட்டீர்கள் என்பது மிக நல்ல செய்தி. எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பொறுத்தவரை, புறணி மடிப்புகள் இயல்பாக இருப்பது எனக்கு ஆறுதல் தருகிறது. மூளையின் அடிப்படை அமைப்பு உருவான பிறகே பெரும்பகுதி பாதிப்பு நேர்ந்திருக்க வேண்டும். பொட்டுமடல் முனையில் நீர்க்கட்டிகளும் வெண்பொருள் மாற்றங்களும் சேர்ந்து காணப்படுவது இந்தத் தொற்றில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தோற்றம். தலைச் சுற்றளவு குறைவாக இருப்பதால் வளர்ச்சித் தாமதம் வரக்கூடும் என்று எதிர்பார்த்தே நடந்துகொள்ளுங்கள். தாமதம் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இப்போதே பதிவு செய்து, இயன்முறை மருத்துவர், வளர்ச்சி வல்லுநர் ஆகியோரின் பார்வையில் குழந்தையை வைத்திருங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழந்தைக்கு ஏற்கெனவே உள்ள தொற்றைப் பால் கூட்டப்போவதில்லை. தாய்ப்பாலின் நன்மைகள் இந்தக் குழந்தைக்கு மற்றவர்களை விடக் கூடுதலாகத் தேவை.

உங்கள் மனைவி குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம், கொஞ்சலாம். இந்தக் குழந்தையின் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் சில ஆண்டுகள் வரை வைரஸ் வெளிப்படும் என்பது உண்மை. ஆனால் அங்கன்வாடிக்குப் போகும் எந்தச் சிறு குழந்தையிடமிருந்தும் அதே வைரஸ் வரலாம். அதனால் இவளை மட்டும் ஒதுக்கிவைப்பதில் பொருளில்லை. உடைமாற்றிய பின்னும் வாய் துடைத்த பின்னும் சோப்புப் போட்டுக் கைகழுவுவது, குழந்தை சாப்பிட்ட மிச்சத்தையும் கரண்டியையும் தம் வாயில் வைக்காமல் இருப்பது, முத்தத்தை வாயில் இல்லாமல் நெற்றியில் கொடுப்பது ஆகிய இந்தப் பழக்கங்களை உங்கள் தங்கையின் மூத்த பிள்ளையிடமும் கடைப்பிடிக்கட்டும். ஒரே ஒரு தடை மட்டும் உண்டு: வால்கான்சிக்ளோவிர் மருந்தைக் கர்ப்பிணிகள் கையாளக் கூடாது, விலங்குச் சோதனைகளில் அது கருவுக்குக் கேடு செய்தது. மற்றவர்களும் கையுறை அணிந்தே அளந்து கொடுங்கள். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

மறுமொழி: செவித்திறன், பேச்சு மொழி வல்லுநர், சென்னை

கோவைச் சகோதரி எழுதியதை ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும். சிறுவயதில் வரும் நரம்புவழிச் செவியிழப்புக்கு மரபணு அல்லாத காரணங்களில் முதலிடம் இந்தத் தொற்றுக்குத்தான். உட்செவியின் திரவத்தில் பொட்டாசியத்தின் அளவைக் காக்கும் ஒரு திசுவை வைரஸ் தாக்குவதாகக் கருவின் செவிகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தச் சமன்பாடு குலைந்தால் ஒலியை உணரும் செல்கள் மெல்ல மெல்லச் செயலிழக்கும். இழப்பு ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதையும், ஆண்டுகள் கழித்துத் தொடங்குவதையும் இது ஓரளவு விளக்குகிறது.

உங்கள் மருமகளுக்கு இடது காதில் மிதமான இழப்புத்தான் என்பதால், ‘ஒரு காதாவது கேட்கிறதே’ என்று நிம்மதி அடைந்து சோதனைகளைத் தள்ளிப்போட்டுவிடுவீர்களோ என்பதே என் கவலை. முதலாண்டில் 3 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு பள்ளிப்பருவம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் இரு காதுகளையும் பாருங்கள். செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் முழு நோயறிதலும் ஆறு மாதத்துக்குள் பயிற்சித் தொடக்கமும் நிகழ வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல். உங்களுக்கு நோயறிதல் ஏற்கெனவே முடிந்துவிட்டதால், இரு காதுகளுக்கும் கருவி பொருத்துவதற்கான அச்சை அடுத்த சில வாரங்களிலேயே எடுத்துவிடலாம். வலது காதுக்கு அது போதாது என்று தெரிந்தால், ஒரு வயதையொட்டி காக்ளியர் இம்பிளான்ட் பற்றி முடிவு செய்யலாம்.

இந்த அவசரத்துக்குக் காரணம் காது மட்டுமன்று. முதல் சில ஆண்டுகளில் ஒலி வந்துசேராவிட்டால், மூளையில் ஒலிக்கென அமைந்த பகுதி பார்வை போன்ற மற்ற புலன்களுக்குக் கைமாறத் தொடங்கிவிடும்; பிறகு எத்தனை நல்ல கருவி பொருத்தினாலும் பேச்சைப் பிரித்தறிவது கடினம். வைரஸால் ஏற்கெனவே சிலவற்றை இழந்த மூளைக்கு, தவிர்க்கக்கூடிய இந்த இரண்டாவது இழப்பும் நேர நாம் விடக் கூடாது. பேச்சோடு சைகைகளையும் தயங்காமல் பயன்படுத்துங்கள். சைகை பேச்சைத் தடுக்கும் என்பது தவறான அச்சம். கருவியின் மின்கலம் தீர்ந்துபோனது தெரியாமல் நாள் முழுவதும் குழந்தை அணிந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எனவே ஒவ்வொரு காலையும் காதில் மாட்டும் முன்பு வீட்டில் யாராவது ஒருவர் அதை இயக்கி, ஒலி வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.